மூலநிரலிலிருந்து படிம நிரலகம் ஆக்கல்

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டில் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அவற்றோடு ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. எஞ்சியவற்றைப் படிமங்களாக்கிக் காக்கும் பணி அதன் பின்னர் எம்மவர்க்கு இன்றியமையாததாயிற்று. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் அவ்வாறே பேணி வருகின்றது. எனினும், ஒரு பக்கத்தின் படிமம் நம் கண்ணுக்கு எழுத்தாகத் தோன்றினும் கணினிக்கு வெறும் புள்ளிகளின் கூட்டமேயாம். அதனுள் ஒரு சொல்லைத் தேடவேண்டுமாயின் அப்புள்ளிகளை எழுத்தாக்கல் வேண்டும். அதனைச் செய்யும் மென்பொருளை எழுத்துணரி என்பர்.

எழுத்துணரிகளுள் ரெசரக்ற் என்பது 1985 முதல் 1994 வரை ஹியூலற் பக்கார்ட் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டு, 2005இல் மூலநிரலோடு உலகுக்கு வழங்கப்பட்டது. தமிழ் எழுத்துக்களை உணர்வதற்கான பயிற்சித் தரவும் அதற்குண்டு. படிமங்களைக் கையாளும் பொருட்டு அது லெப்ரோனிக்கா என்னும் நிரலகத்தைச் சார்ந்துள்ளது. நிரலகமாவது, பல மென்பொருள்கள் பொதுவாக எடுத்தாளும் நிரற்கூறுகளின் தொகுதி. டான் புளூம்பேர்க் என்பார் சீ மொழியில் எழுதிய இந்நிரலகம், சாம்பல் நிறப் பக்கத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும்; சாய்ந்த வரிகளை நிமிர்த்தும்; கறைப்புள்ளிகளை நீக்கும்.

மூலநிரல் மனிதர் வாசிக்கத்தக்கது. கணினி அதனை நேரே இயக்கமாட்டாது. அதனைப் பொறிமொழியாக மாற்றுவது தொகுப்பி. லினக்ஸ் கணினியில் இவ்வேலை நான்கு படிகளில் நிகழும்.

முதலாவது, துணை நிரலகங்களைத் திரட்டல். ஜேபெக், பி.என்.ஜி., ரிஃப் ஆகிய படிம வடிவங்களை வாசிப்பதற்கு லெப்ரோனிக்கா அவ்வவற்றுக்குரிய நிரலகங்களை நாடும். அவற்றின் தலைப்புக் கோப்புகளும் உடன் இருத்தல் வேண்டும். இரண்டாவது, ‘கொன்பிகர்’ என்னும் கட்டளை. இது கணினியில் உள்ளன எவை, இல்லன எவை என ஆராய்ந்து வேலைத்திட்டம் ஒன்றை எழுதிவைக்கும். மூன்றாவது, ‘மேக்’ என்னும் கட்டளை. இது அத்திட்டத்தின்படி ஒவ்வொரு கோப்பையும் தொகுத்து, பின் அனைத்தையும் ஒன்றாகப் பிணைக்கும். நான்காவது, ஆக்கிய நிரலகத்தை உரிய இடத்தில் நிறுவி, இயங்குதளம் அதனைக் கண்டுகொள்ளுமாறு நிரலகப் பட்டியலைப் புதுப்பித்தல். இதன் பின்னரே ரெசரக்ற்றைத் தொகுத்தல் தகும்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. ரிஃப் வடிவத்துக்குரிய தலைப்புக் கோப்பு இல்லாவிடினும் இரண்டாம் படி தடைப்படுவதில்லை. அவ்வாற்றலை விலக்கிவிட்டு மேற்செல்லும். தொகுப்பும் பிழையின்றி முடியும். பின்னொருநாள் ரிஃப் படிமத்தைக் கொடுக்கும்போதே குறை வெளிப்படும். ஆவணக் காப்பகங்கள் மூலப்படிமங்களைப் பெரும்பாலும் அவ்வடிவத்திலேயே வைப்பனவாதலின், இக்குறை சிறிதன்று. ஆதலால், இரண்டாம் படியில் தோன்றும் அறிக்கையை வரிவரியாக வாசித்தல் வேண்டும்.

ஆயத்தமாகத் தொகுத்த பொதிகள் கிடைக்கையில் இம்முயற்சி எதற்கு என ஒருவர் வினவலாம். நாளாந்தத் தேவைக்கு அப்பொதிகளே போதும். அவற்றை விடுத்து வீணே உழைத்தல் வேண்டுவதில்லை. ஆனால், பழைய அச்சில் வந்த ணை, லை, னை முதலிய எழுத்து வடிவங்களுக்கு நம் தேவைக்கேற்பக் கருவியைத் திருத்த விரும்பும்போது, மூலநிரலைத் தொகுக்கத் தெரிந்தோர் நம்மிடையே இருத்தல் வேண்டும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கும் உழைப்பைத் தாமே மேற்கொண்டார்கள். ஏட்டை வாசிக்கும் பயிற்சி அன்று எத்துணை வேண்டப்பட்டதோ, மூலநிரலை வாசிக்கும் பயிற்சி இன்று அத்துணை வேண்டப்படுகின்றது. இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு கணினியும் பொறுமையும் போதும். உயர்வகுப்பு மாணவர் சிலரேனும் இதிற் பழகுவாராயின், நம் நூல்களைக் காக்கும் கருவிகளும் நம் கைவசமாகும்.