கூடி நோற்கும் நோன்பு

தை மாதம் பிறந்துவிட்டால், திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியில் தேரி மணலும் பனங்காடும் சூழ்ந்த கிறிஸ்தவ ஊர்களில் கலியாணம் பேசி முடித்த வீட்டார் முதலில் விசாரிப்பது, அவ்வருஷம் சாம்பற் புதன் எந்தத் தேதியில் வருகிறது என்பதைத்தான். மூன்று ஞாயிறு ஆலயத்தில் மண அறிவிப்பு ஓலை வாசித்து அதற்கு முன்பே விவாகத்தை நடத்திவிட வேண்டும். தவறினால் ஈஸ்டர் பண்டிகை கழியும்வரை காத்திருக்க வேண்டும். சாம்பற் புதன் வந்ததும் மேளமும் பந்தலும் அடங்கிவிடுகின்றன. பல வீடுகளில் மாமிசச் சமையல் நின்றுவிடுகிறது. பூச்சூடுவதையே விட்டுவிடுகிற பெண்களும் உண்டு.

கத்தோலிக்கர் தவக்காலம் என்றும், சீர்திருத்த சபையார் லெந்து காலம் என்றும் வழங்கும் இந்த நாற்பது நாள், இயேசுநாதர் வனாந்தரத்தில் நாற்பது நாள் உபவாசமிருந்ததை நினைவுகூர்ந்து அனுஷ்டிக்கப்படுவது. நாட்காட்டியில் எண்ணினால் சாம்பற் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை வரை 46 நாள் ஆகும். ஆனால் ஞாயிறு உயிர்த்தெழுதலின் திருநாளாதலால் இடையில் வரும் ஆறு ஞாயிறும் விரதக் கணக்கில் சேர்வதில்லை. ஈஸ்டரோ, திருச்சபைக் கணக்கின்படி மார்ச் 21-ஆம் தேதியிலாவது அதற்குப் பின்னாவது வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு. ஆகையால் அது மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவே வருஷத்துக்கு வருஷம் நகர்ந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் அந்தப் பௌர்ணமி பங்குனிப் பௌர்ணமியாகவே அமைந்துவிடுவதால், உத்திரத்துக்குக் காவடி சுமந்து போவோரும் பரிசுத்த வாரத்து ஆராதனைக்குப் போவோரும் ஏறக்குறைய ஒரே நிலவில் வழி நடக்கிறார்கள். விரதம் இன்னதென்று இந்த நாட்டாருக்கு எவரும் கடல் கடந்து வந்து போதிக்க வேண்டியிருக்கவில்லை. ஊரார் எல்லாரும் சேர்ந்து, ஒரே புஸ்தகத்தைப் படித்துக்கொண்டு, ஒரே தவணைக்குள் நோற்கும் முறையே இந்த விரதத்தின் தனித்தன்மை என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த முறையிலே மேலுக்கு ஒரு முரண்பாடு தென்படுகிறது. சாம்பற் புதனன்று பலிபீடத்தருகே வாசிக்கப்படும் மத்தேயு சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரம், உபவாசம் மனிதர் கண்ணுக்குத் தெரியலாகாது, முகத்தைக் கழுவித் தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு அந்தரங்கத்தில் இருக்கும் பிதாவுக்கு மாத்திரமே தெரியும்படி அது இருக்கவேண்டும் என்று கட்டளையிடுகிறது. அதே தினத்தில் கத்தோலிக்க ஆலயங்களில், சென்ற வருஷத்துக் குருத்தோலைகளைச் சுட்டெடுத்த சாம்பலை ஊரறிய நெற்றியில் பூசிக்கொள்கிறார்கள்; சாம்பல் பூசும் வழக்கம் பரவலாக இல்லாத சீர்திருத்த சபைகளிலோ, மணியடித்து எல்லாரையும் கூட்டி ஐம்பத்தோராம் சங்கீதத்தை உரத்த குரலில் சொல்லவைக்கிறார்கள். அந்தரங்கமாக இருக்கவேண்டிய ஒன்றை ஏன் இப்படிக் கூட்டமாகச் செய்யவேண்டும் என்று ஒரு வாலிபன் கேட்டால், அவனுக்கு விடை சொல்லப் பழைய சரித்திரத்துக்குப் போகவேண்டும்.

ஆதித் திருச்சபையில் ஞானஸ்நானம் பெறுவோர் பெரும்பாலும் ஈஸ்டர் இரவிலேயே அதைப் பெற்றார்கள். அதற்கு முந்திய வாரங்கள் அவர்களுக்கு உபதேச காலம். மகா பாவத்தில் விழுந்து சபையினின்று விலக்கப்பட்டவர்கள் மனஸ்தாபப்பட்டுத் திரும்பச் சேர்வதற்கும் அதுவே காலம். நாலாம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்கு யாத்திரை போன எகேரியா என்ற பெண்மணி எழுதிவைத்த குறிப்பில், அந்நகரத்து அத்தியட்சர் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாவோரைச் சுற்றிலும் உட்காரவைத்து, நாள்தோறும் காலையில் மூன்று மணி நேரம் வேதத்தை விளக்கிய செய்தி காணப்படுகிறது. புதிதாக வருகிறவன் தனியே பட்டினி கிடக்கலாகாதென்று பழைய விசுவாசிகளும் அவனோடு உபவாசித்தார்கள். விழுந்தவன் தனியே அழலாகாதென்று சபை முழுவதும் அவனோடு முழங்காற்படியிட்டது. ஆகவே கூடிச் செய்தது பெருமைக்காக அன்று. பலவீனனுக்குத் துணை நிற்பதற்காகவே. வயிற்றின் பசி அவனவனுடைய அந்தரங்கம். அந்தப் பசியின் பிரயோஜனம் பிறருக்குரியது. லெந்து ஆராதனையைப் பற்றி எவ்வளவோ நூல்கள் இருக்க, இந்த ஒரு விஷயத்தைச் சபையார் மறவாதிருந்தால் போதும் என்பது என் எண்ணம்.

1947 செப்டம்பர் 27-இல் சென்னையிலே உருவான தென்னிந்தியத் திருச்சபையின் திருநெல்வேலிச் சேகரங்களில், ஆங்கிலிக்கன் முன்னோரின் ஜெபப்புஸ்தக ஒழுங்கு இன்னமும் மணக்கிறது. பலிபீடத்தில் ஊதா நிற விரிப்பு. மனந்திரும்புதலைப் பேசும் ஞானப்பாட்டுகள். லித்தானியா என்ற நீண்ட மன்றாட்டு. பாளையங்கோட்டையில் 1826-இல் எழும்பிய ஊசிக்கோபுரத் தேவாலயத்திலும், பெயர் தெரியாத ஒரு பனங்காட்டுச் சிற்றாலயத்திலும் இதே ஒழுங்குதான். ஆயினும் லெந்தின் உயிர்நிலையை ஞாயிறு ஆராதனையில் தேடுவதைவிட, வாரநாள் இரவில் வீடு வீடாக நடக்கும் ஜெபக் கூட்டத்தில் தேடுவது நலம்.

அப்படிப்பட்ட கூட்டமொன்றில் நான் உட்கார்ந்திருந்த நினைவு மாறவில்லை. பதநீர்ப் பருவமாதலால், பனையேறிகள் மாலை ஏற்றத்தை முடித்து, குளித்து, வெள்ளைத் துணி உடுத்து வந்துசேர இருட்டிவிட்டது. முற்றத்தில் பாய்களை விரித்திருந்தார்கள். ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள், நடுவே திண்ணையோரம் உபதேசியார். அன்றைய பாடம் லூக்கா பதினாறாம் அதிகாரத்தில் வரும் ஐசுவரியவானும் லாசருவும். உபதேசியார் முறைப்படி விளக்கிக்கொண்டு போகையில், பின்வரிசையிலிருந்த ஒரு பாட்டி, “ஐயா, அவன் வாசலிலேயே கிடந்தானே, அந்த வீட்டிலே சமைக்கிறவுக, கூட்டுறவுக, வண்டி ஓட்டுறவுக எல்லாரும் அவனைத் தாண்டித்தானே போயிருப்பாக? அவுகளுக்கு என்ன கணக்கு?” என்று கேட்டாள். உபதேசியார் சற்று நேரம் வேதபுஸ்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “பாட்டி கேட்டதற்கு நாமெல்லாரும் சேர்ந்துதான் பதில் சொல்லவேண்டும்” என்றார். அதன்பின் பேச்சு உவமையைவிட்டு அந்தத் தெருவுக்கு வந்துவிட்டது: பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடக்கும் ஒருவன், பிள்ளைகள் வெளியூர் போய்விட, அடுப்பு மூட்ட ஆளில்லாத ஒரு கிழவி. கல்லூரிகளில் பண்டிதர்கள் நடத்தும் வேத ஆராய்ச்சியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எனினும் அன்றிரவு அந்த முற்றத்தில் நடந்ததும் ஆராய்ச்சியே.

அந்தப் பேச்சு வெறும் பேச்சாக முடிந்துவிடாதபடி காப்பது ஒரு மண்பானை. உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடியை எடுத்துப் பானையிலிட்டு, சேர்ந்ததை ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைப்பது இந்தச் சபைகளின் பழைய வழக்கம். கைப்பிடி அரிசிக் காணிக்கை என்றால் எல்லாருக்கும் தெரியும். வருஷம் முழுவதும் நடக்கும் இக்காணிக்கை லெந்து நாட்களில் வேறொரு அர்த்தம் பெறுகிறது. ஒருவேளை உணவை விட்டவன் அந்த வேளைக்குரிய அரிசியையும் அதிலே போடுகிறபோது, பசித்தவனோடு ஆகாரத்தைப் பகிர்ந்துகொள்வதே கர்த்தருக்கு உகந்த உபவாசம் என்று ஏசாயா தீர்க்கதரிசி ஐம்பத்தெட்டாம் அதிகாரத்தில் முழங்கியது பானைக்குள்ளே நிறைவேறுகிறது. மீந்த அரிசி வீட்டிலேயே தங்கிவிட்டால் விரதம் சிக்கனமாகிவிடும். யார் எவ்வளவு போட்டார் என்பது பானையைத் தவிர எவருக்கும் தெரியாது. மத்தேயு சொல்லும் அந்தரங்கமும் சபையின் பொதுவாழ்வும் முரணின்றிச் சந்திக்கும் இடம் இதுதான்.

குருத்தோலை ஞாயிற்றுப் பவனியோடு தொடங்கும் பரிசுத்த வாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லா மதத்தாரும் அதைத் தெருவிலே கண்டிருப்பார்கள். ஆனால் பெரிய வெள்ளியன்று நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை, சிலுவையில் இயேசுநாதர் மொழிந்த ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் ஆராதனையின் பிறப்பிடம் பலருக்குத் தெரியாது. தென்னமெரிக்காவில் பெரு தேசத்து லிமா நகரிலே இயேசு சபைக் குருமார் தொடங்கிய அந்தத் தியானம், கத்தோலிக்கருடைய எல்லையைக் கடந்து சீர்திருத்த சபைகளிலும் இப்படி வேரூன்றியது எனக்கு ஆறுதல் தரும் செய்தி. வார்த்தைக்கு ஒருவராக எழுவர் பேசும் ஊர்களில், குருவானவரோடு பள்ளி ஆசிரியையும் விவசாயியும் பிரசங்கிப்பது உண்டு. வைணவக் குடும்பத்தில் 1827-இல் பிறந்து பின்னர் கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, 1894-இல் வெளியான தம் இரட்சணிய யாத்திரிகத்தில் கிறிஸ்துவின் பாடுகளை விருத்தங்களாக வடித்திருக்கிறார். தமிழ் நெஞ்சம் அந்தப் பகலில் எப்படி உருகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம்விடக் கடினமான காரியம் பெரிய வியாழனுக்கு முன்னே நடக்கிறது. பகை நீங்காத இருவரைக் குருவானவர் அறிவாரானால், அவர்கள் ஒப்புரவாகும்வரை திருவிருந்துக்கு அனுமதிக்கலாகாதென்று 1662-ஆம் வருஷத்து ஜெபப்புஸ்தகம் விதித்திருக்கிறது. வரப்புத் தகராறும் பாகப்பிரிவினை மனத்தாங்கலும் இல்லாத ஊர் ஏது? கர்த்தர் தம் சீஷர்களின் கால்களைக் கழுவிப் பந்தியமர்ந்த இரவை அனுசரிக்கும் அந்த ஆராதனைக்கு முன்பாக, அண்ணன் தம்பி இருவரையும் பேசவைக்க வேண்டுமென்று உபதேசியார் ஒரு வாரம் முழுவதும் அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்குமாக நடக்கிறார். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் மைத்துனிமார் இருவரையும் ஒரே பாயில் உட்காரவைக்க வழி தேடுகிறார்கள். சில வருஷங்களில் இது கைகூடுகிறது. கைகூடாத வருஷங்களில், மறு லெந்து பிறந்ததும் அவர் அதே இரண்டு வீட்டுப் படிகளையும் மறுபடி ஏறுகிறார்.