கராம்பு வைக்கும் நேரம்

மூதூரில் பல் பிடுங்கிக்கொண்டு தோப்பூருக்குத் திரும்புகிறவருக்கு வீட்டில் கைமருந்து காத்திருக்கும். கராம்பு, உப்புச் சுடுதண்ணீர், மஞ்சள், வேப்பம்பட்டைக் கஷாயம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இவற்றில் சிலவற்றுக்கு உண்மையிலேயே சக்தி உண்டு. ஆனால் பல் குத்தும்போது கைகொடுத்த மருந்து, அந்தப் பல் போன பிறகு கெடுதல் செய்யக்கூடும். ஏனென்றால் குழிக்குள் உடம்பு ஏற்கெனவே தன் மருந்தைப் போட்டுவிட்டது. அதுதான் இரத்தக்கட்டி.

பல் வெளியே வந்த சில நிமிடங்களில், குருதியில் கரைந்திருந்த ஒரு புரதம் பைபிரின் என்னும் மெல்லிய நூல்களாக மாறி வலை பின்னுகிறது. குருதிச் சிறுதட்டுகளும் செங்குழியங்களும் அதில் சிக்கி இறுகி, திறந்து கிடக்கும் எலும்பையும் நரம்பு நுனிகளையும் மூடுகின்றன. ஒரு கிழமைக்குள் புதிய இழையம் அந்தக் கட்டிக்குள் புகுந்து வளர்கிறது. சில கிழமைகளில் முரசு மூடிக்கொள்ளும். எலும்பு நிரம்ப மாதக்கணக்காகும். இத்தனைக்கும் அத்திவாரம் அந்தச் சிறு கட்டிதான். அது கழன்றுவிட்டால் இரண்டாம் மூன்றாம் நாளில் காதுவரை இழுக்கும் வலி தொடங்கும். வைத்தியர்கள் இதை உலர்குழி என்கிறார்கள். கீழ்த்தாடை ஞானப்பல்லைப் பிடுங்கியவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது.

கராம்பு எண்ணெயில் 70 முதல் 90 சதவீதம் வரை இயூஜினோல். வலிச் செய்தியைக் கடத்தும் நரம்பின் சோடியம் வாயில்களை அது அடைக்கிறது, அழற்சியையும் தணிக்கிறது. பல் வைத்தியர்களே நாக ஒட்சைட்டுடன் அதைக் குழைத்துத் தற்காலிகமாகப் பல் அடைக்கிறார்கள். உலர்குழிக்குள் வைக்கும் மருந்திலும் அது உண்டு. அப்படியிருக்க வீட்டில் ஏன் வைக்கக்கூடாது? கலப்பில்லாத எண்ணெய் பச்சைப் புண்ணைச் சுட்டுவிடும். அளவும் இடமும் அறிந்த கையில்தான் அது மருந்து.

அக்மெல்லா என்னும் செடியின் மஞ்சள் பூவை மென்றால் அதிலுள்ள ஸ்பிலாந்தோல் நாக்கை விறைக்கச் செய்யும், பல்வலி அடங்கும். கூடவே எச்சிலும் ஊற்றாகச் சுரக்கும். பல் பிடுங்கிய அன்று திரும்பத் திரும்பத் துப்பினால் கட்டியும் சேர்ந்து போய்விடலாம். வெற்றிலை பாக்கும் புகையிலையும் சிகரெட்டும் அதனினும் மோசம். மஞ்சள்தூளையும் குழிக்குள் திணிக்க வேண்டாம்.

இரத்தம் மெல்லக் கசிந்துகொண்டிருந்தால் நம் தேயிலை உதவும். நனைத்து ஆறவைத்த தேயிலைப் பையைச் சற்று நேரம் கடித்துப் பிடியுங்கள். அதிலுள்ள தனின் இழையத்தைச் சுருக்கிக் கசிவைக் குறைக்கும்.

கைமருந்துகளில் நான் முதலிடம் கொடுப்பது உப்புநீருக்குத்தான். ஆனால் முதல் 24 மணி நேரம் எதையும் கொப்பளிக்கக்கூடாது. மறுநாளிலிருந்து கால் லீற்றர் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கரையுங்கள். அது ஏறக்குறைய நம் குருதியின் உப்புச் செறிவுதான், அதனால் புண்ணை எரிக்காமல் உணவுத் துகளைக் கழுவும். கடல்நீரின் உப்பு இதைவிட மூன்று நான்கு மடங்கு. வாயில் மெல்ல அலசி, துப்பாமல் தானாக வழியவிடுங்கள்.

வலிக்குப் பனடோலை அளவோடு எடுக்கலாம். குருதி உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்களும் நீரிழிவுக்காரரும் பிடுங்குவதற்கு முன்பே அதை வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் நாளில் வலி குறையாமல் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, இரத்தம் நிற்காவிட்டாலோ கராம்பைத் தேடாமல் பல் வைத்தியரிடம் போங்கள்.