வாவியில் காது வைத்த சுவாமி

மட்டக்களப்புக்குப் புதிதாக வருகிறவருக்கு ஊர்ப் பெரியவர்கள் ஒரு வித்தை சொல்லிக் கொடுப்பார்கள். காற்று விழுந்த நிலாக்கால இரவில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போ. துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விடு, மறு நுனியைக் காதோடு சேர்த்துப் பிடி. வெறும் காதுக்கு எட்டாத ஒன்று அப்போது மரத்தின் வழியே ஏறி வரும். தந்தியை மெல்ல மீட்டியதுபோல, பல சின்னஞ்சிறு ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக. இதனால்தான் அந்த ஊர் மீன் பாடும் தேன் நாடு.

1848 செப்டம்பரில் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் இதைக் கேட்டார். இலங்கையின் குடியேற்றச் செயலராக இருந்த ஐரிஷ்காரர் அவர். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் ஓசையை அது நினைவூட்டியதாக எழுதி வைத்தார். பாடுவது மீனல்ல, வாவியடியில் கிடக்கும் ஊரி என்ற நத்தைதான் என்று மீனவர்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்ன தமிழை ஆங்கில எழுத்தில் அவர் சிதைத்து எழுதியிருக்கிறார். அதைத் திரும்பத் திரும்ப வாசித்தால் 'ஊரி குளிறுகிறது' என்றுதான் எனக்குக் கேட்கிறது. குளிறுதல் என்றால் ஒலித்தல். நல்ல பழந்தமிழ்ச் சொல்.

இதற்கு நூறாண்டு கழித்து அதே வாவியைக் கேட்க இன்னொருவர் வந்தார். அவர் எப்படி வந்தார் என்பதற்குக் கொஞ்சம் திருச்சபை வரலாறு வேண்டும். 1893-இல் திருகோணமலை மறைமாவட்டம் உருவானபோது மட்டக்களப்பும் அதற்குள் அடங்கியது. இயேசு சபையின் பிரெஞ்சுக் குருமார் அதை ஏற்றார்கள். முதல் ஆயர் சார்ல்ஸ் லவீஞ், இங்கே வருவதற்கு முன் கேரளத்தின் கோட்டயத்தில் சிரியன் கிறிஸ்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர். ஒரு காயலோர மக்களை விட்டு இன்னொரு வாவியோர மக்களிடம் வந்து சேர்ந்தார் அவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாண இயேசு சபையினர் பொறுப்பேற்றார்கள். மெக்சிகோ நகரில் பிறந்த இக்னேஷியஸ் கிளெனி 1947-இல் ஆயரானார். 1974 வரை, இருபத்தேழு ஆண்டுகள், தான் பிறக்காத மண்ணின் மக்களுக்கு மேய்ப்பராக இருந்தார்.

அந்த அமெரிக்கக் குருமாரை மட்டக்களப்பு இன்றும் நினைக்கிறது. பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்தினார்கள், கூடைப்பந்து பழக்கினார்கள். யூஜின் ஹேபேர் சுவாமி 1990 ஆகஸ்ட் 15-இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். திரும்பி வரவேயில்லை. பெஞ்சமின் மில்லர் சுவாமி உள்நாட்டுப் போர்க்காலம் முழுவதும் காணாமற்போனோரின் குடும்பங்களுக்குத் துணை நின்று, 2019-இல் அங்கேயே கண்மூடினார். இந்தக் குருமாரின் காலத்தில்தான், 1950-களில், நான் சொன்ன அந்த இன்னொருவர், லாங் என்ற இயேசு சபைக் குரு, வாவியின் பாட்டைக் கருவியில் பதிவு செய்தார். பின்னர் இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. 

நியூ ஓர்லியன்ஸும் ஏரியும் சதுப்பும் சூழ்ந்த ஊர்தான். அங்கே பிடிபடும் ஒரு மீனுக்குப் பெயரே 'டிரம்', முரசு. நம் கத்தாளைக்கு அது நெருங்கிய உறவு. அந்த ஊர்ப் பக்கமிருந்து வந்தவர்களுக்கு மீன் ஒலியெழுப்பும் என்பது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

சரி, துடுப்பு என்ன செய்கிறது? தண்ணீருக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். காற்றிலே 340 மீட்டர்தான். ஓட்டத்தில் மட்டுமல்ல, அதிர்வுக்கு இடங்கொடுக்கும் தன்மையிலும் இரண்டும் வெகு தூரம். அதனால் நீரின் மேற்பரப்பு ஒலிக்குச் சுவர்போல நிற்கிறது. உள்ளிருந்து நேராக மேலே வந்து முட்டும் ஒலியாற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்குத் தப்புகிறது. மிச்சமெல்லாம் திரும்பி உள்ளேயே போய்விடும். ஆனால் மரமும் நீரும் இந்த விஷயத்தில் அவ்வளவு அந்நியர் அல்ல. நீரின் அதிர்வு துடுப்புக்குள் எளிதாக நுழையும், துடுப்பிலிருந்து எலும்புக்கு, எலும்பிலிருந்து உட்காதுக்கு. காற்றைத் தொடாமலே ஒலி நமக்குள் வந்துவிடுகிறது. டெனன்டும் தோணியின் பக்கப் பலகையில் காதை வைத்தபோது ஒலி பெருகியது என்கிறார். எழுத்தறியாத தோணிக்காரர் கண்டுபிடித்த இந்த ஒலிவாங்கியை நான் பெரிய அறிவியல் என்றே சொல்வேன்.

ஊரி மேல் பழி விழுந்ததற்கும் இதிலேயே விடை உண்டு. ஓர் ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை, அது இரு காதுகளையும் அடையும் நேர வித்தியாசத்தைக் கொண்டு மூளை கணிக்கிறது. துடுப்பின் வழியே வரும் ஒலியில் அந்த வித்தியாசம் கிடைக்காது. திசையில்லாத அந்த ஓசை கீழிருந்து வருவதாகத் தோன்றும். கீழே கண்ணுக்குத் தெரிவது ஊரிதான்! ஆனால் அந்த நத்தைக்குக் குரல் எழுப்ப உறுப்பில்லை.

மீனுக்கு உண்டு. பல மீன்களின் வயிற்றுக்குள் காற்று நிரம்பிய ஒரு பை இருக்கிறது. நீரில் மிதக்கும் உயரத்தைச் சரிசெய்ய அது உதவும். கத்தாளை போன்றவை அந்தப் பையைத் தனித் தசைகளால் அதிரவைக்கும். பறை அடிப்பது போலத்தான், தோலுக்குப் பதில் பை. கீளி மீனும் இப்படி ஒலிக்கும். தமிழ்நாட்டில் அதைக் கீச்சான் என்கிறோம், பெயரிலேயே கீச்சு இருக்கிறது. கெளிறு, பையை அதிர்ப்பதோடு பக்க முள்ளைக் குழியில் தேய்த்தும் கிறீச்சிடும். தூண்டிலில் பிடித்துக் கையில் எடுத்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். இவர்களில் வாவியின் பாடகர் யார் என்று ஓர் இனத்தை மட்டும் இதுவரை யாரும் உறுதியாகச் சுட்டிக் காட்டவில்லை. ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்து ஒலிப்பதாகவே நான் நினைக்கிறேன். ஒன்றிலொன்று கலவாத பல சிறு ஒலிகள் என்று டெனன்ட் சொன்னதும் அதற்குப் பொருந்துகிறது.

மீன் எதற்காகப் பாடுகிறது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1980-களில் கலிபோர்னியாவின் சாசலிட்டோவில் படகுவீடுகளில் இருந்தவர்களுக்குக் கோடை இரவுகளில் தூக்கம் போயிற்று. அடித்தளத்திலிருந்து ஓயாத ரீங்காரம். மின்னாக்கி இயந்திரம் என்றார்கள், கடற்படையின் இரகசியச் சோதனை என்றார்கள். கடைசியில் அது மிட்ஷிப்மன் என்ற மீனின் ஆண். கல்லுக்கடியில் கூடு வைத்து, பைத் தசையை நொடிக்கு நூறு தடவை போலச் சுருக்கி, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக விடாமல் பெண்ணை அழைக்கிறது. அதைவிட வியப்பு பெண்ணிடம் இருக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் அதன் காது கூர்மையாகி, மற்றக் காலத்தில் பிடிபடாத சுரங்களையும் பிடிக்கிறது. பாட்டுக்காகவே காது மாறுகிறது.

கல்லடிப் பாலத்தடியிலும் கல் உண்டு. மாரியில் வெள்ளம் பாய்ந்து உப்புக் குறையும், முகத்துவாரத்து மணல் திட்டு உடைந்து கடல் உள்ளே வரும், கோடையில் மறுபடி அடைபடும். சுமார் 56 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த வாவியின் மீன்கள் அந்தத் தாளத்துக்கே இணைகின்றன, முட்டையிடுகின்றன. ஆண்டின் எல்லா இரவிலும் பாட்டுக் கேட்பதில்லை என்பதில் வியப்பில்லை.

போர்க்காலத்தில் இரவில் தோணி இறக்குவதே பெரும்பாடாக இருந்தது. 2009-க்குப் பின் அமைதி வந்தது, கூடவே இயந்திரப் படகுகளும் வந்தன. 1924-இல் கட்டிய இரும்புப் பாலத்தின் பக்கத்தில் 2013-இல் புதுப் பாலம் திறந்து, இரவெல்லாம் வண்டிகள் ஓடுகின்றன. மீன் பாடினாலும் இரைச்சல் அதை மூடிவிடும். ஒரு மீன் தன் துணையின் குரலைக் கேட்க முடியாமற்போவது நாம் பாட்டைக் கேட்க முடியாமற்போவதை விடப் பெரிய இழப்பு.

லாங் சுவாமி பயன்படுத்தியதைவிடப் பன்மடங்கு நுட்பமான நீர்க்கீழ் ஒலிவாங்கி இன்று ஒரு கைப்பேசியின் விலைக்குக் கிடைக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாலத்தடியில் ஒன்று, பாலமீன்மடுவில் ஒன்று, கல்லாற்றில் ஒன்று என்று இறக்கி, ஒரு முழு ஆண்டு, மாரியும் கோடையும், பௌர்ணமியும் அமாவாசையும் பதிவு செய்யுங்கள். எந்தக் குரல் எந்த மீனுடையது என்று பெயர் எழுதுங்கள். தோணிக்காரப் பெரியவர்களையும் கூட அழைத்துப் போங்கள், எந்த இரவில் போக வேண்டுமென்று அவர்களுக்குத்தான் தெரியும்.