பேரேட்டில் ஏறாத பெயர்

2025 ஆகஸ்டு 27ஆம் தேதி முதல் அமெரிக்கத் துறைமுகங்களில் நம் நாட்டுச் சரக்குகள் மீது 50 சதவீதச் சுங்கவரி விழத் தொடங்கிய சில வாரங்களில், திருப்பூரின் சனிக்கிழமை மாலை தன் வழக்கமான களையை இழந்திருந்தது. ஒன்றரை ஷிப்ட் ஓடிய கம்பெனிகள் பலவற்றில் ஒரு ஷிப்டே சந்தேகமாகிவிட்டது. சம்பளத்தைக் கையில் வாங்கியதும் கடைவீதியை நிறைக்கும் ஜனங்கள் அன்று நேரே வீடு திரும்பிக் கொண்டிருந்தார்கள். அவர்களுள் ஒருவரான, பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் தைக்கும் நாற்பது வயதுப் பெண்மணி, கைப்பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக் காட்டினார். எந்த நாளில் எத்தனை டஜன் தைத்தார், எவ்வளவு கைக்கு வந்தது, எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதில் அவர் கையெழுத்திலேயே இருந்தன.

“கணக்கெல்லாம் நாங்களே எழுதி வெச்சுக்கறமுங்க. ஆனா எங்க பேரு எந்தப் பதிவேட்டுலயும் இருக்காதுங்க. எங்களக் கான்ட்ராக்டருக்கு மட்டுந்தான் தெரியும். வேலை நின்னு போச்சுன்னா ஆருகிட்டப் போயிக் கேக்கறதுங்க?” என்றார்.

சர்வதேச வர்த்தகச் சலுகைகளைப் பற்றி எழுத உட்கார்ந்த எனக்கு, அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு மேலே செல்ல முடியவில்லை.

சலுகை என்னும் விஷயம் கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. 1932இல் கனடாவின் ஒட்டாவா நகரில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் பொருளாதார மாநாடு கூடியபோது, இந்தியப் பிரதிநிதிகளுள் ஒருவராகச் சென்றவர் கோயம்புத்தூரில் பிறந்து, பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சராக விளங்கியவர். ஆனால் அது ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொண்ட ஏற்பாடு. பணக்கார தேசம், பதிலுக்கு ஒன்றும் கேளாமல், வளரும் தேசத்தின் பொருளுக்கு வரியைக் குறைக்க வேண்டும் என்ற உயர்ந்த தத்துவம் உலகநாடுகளின் பொது ஒப்புதலைப் பெற்றது, 1968இல் நம் புதுதில்லியிலேயே கூடிய ஐக்கிய நாடுகளின் வர்த்தக வளர்ச்சி மாநாட்டில்தான். தர்மம் அன்று, நியாயம் என்றே அந்தத் தத்துவத்தை நான் கருதுகிறேன். பிறர் நூற்றாண்டுக் கணக்கில் முன்னேறிச் சென்றுவிட்ட பாதையில் பின்னால் புறப்பட்டவனுக்குச் சற்று வழிவிடுவது உபகாரமாகாது.

இந்த நியாயம் நமக்கு அனுகூலமாக இருக்கும்போது மட்டும் நியாயமாகிவிடாது. பல்லாண்டுக் காலம் நம் பின்னலாடை 9.6 சதவீத வரி செலுத்தி நுழைந்த ஐரோப்பியச் சந்தையில், வங்கதேசத்து ஆடை 2001 முதல் ஒரு பைசா வரியுமின்றி நுழைந்தது. வெளிநாட்டு நூலாலும் துணியாலும் தைத்தாலுங்கூட அந்தச் சலுகை உண்டென்று 2011இல் ஐரோப்பா விதியைத் தளர்த்தியது. நாமும் அதே ஆண்டில் அண்டை நாட்டு ஆடைகளுக்கு நம் சந்தையை வரியின்றித் திறந்துவிட்டோம். திருப்பூரின் ஆர்டர்கள் டாக்காவுக்குப் போகின்றன என்ற புலம்பல் நம் காதுக்குப் பழகிப்போனது. ஆனால் டாக்காவின் பின்னல் இயந்திரங்களுக்கு நூல் எங்கிருந்து போகிறது? இந்தியப் பருத்தி நூலை அதிக அளவில் வாங்கும் நாடு அதுவே. நம் பகுதி ஸ்பின்னிங் மில்களின் கதிர்களும் அந்த வியாபாரத்தால் சுழன்றிருக்கின்றன. ஆகவே, அயலானுக்குக் கிடைத்த சலுகையால் கொங்கு நாடு முழுவதும் நஷ்டப்பட்டது என்று சொல்வதற்கில்லை. லாபம் நூற்பாலையின் வாசலில் இறங்கியது. நஷ்டமோ தையல் மிஷினின் முன்னே அமர்ந்திருந்தவளின் மடியில் விழுந்தது. இரண்டுக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர் தூரங்கூட இல்லை.

இந்த முரண்பாட்டை முன்பே கண்டுகொண்ட சட்டம் ஒன்று உண்டு. அமெரிக்கா 1974இல் இயற்றிய வர்த்தகச் சட்டம், ஒரு பகுதியில் வளரும் நாடுகளுக்கு வரிச்சலுகை அளித்தது. மற்றொரு பகுதியில், இறக்குமதியால் வேலையிழந்த தன் தொழிலாளிக்கு உதவித்தொகையும் மறுபயிற்சியும் தரும் திட்டத்தை, 1962 முதலே இருந்துவந்ததை, விரிவாக்கியது. அந்தச் சலுகைப் பட்டியலில் ஆடை வகைகள் பெரும்பாலும் சேரவில்லை என்பது மெய்; ஆயினும், வாசலைத் திறப்பவன் அதனால் உள்ளே குளிரில் நடுங்குபவனுக்குக் கம்பளி கொடுக்க வேண்டும் என்ற அதன் எண்ணம் செம்மையானது. இந்தியா அச்சலுகையை 2019 ஜூனில் இழந்தது. 2020 முடிவில் சலுகைத் திட்டமே காலாவதியாயிற்று. 2022 ஜூலையில் தொழிலாளர் உதவித் திட்டமும் முடிவுக்கு வந்தது. சலுகையினால் தொழில் சோம்பும், நிவாரணத்தினால் தொழிலாளி சோம்புவான் என்று வாதிப்போர் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆனால் மூன்று மாத வாடகை பாக்கி வைத்தவரைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் தேசத்திலும் முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. நிரந்தரமாக மூடப்பட்ட பஞ்சாலைகளின் தொழிலாளர்களுக்கு முதலாண்டில் கூலியில் 75 சதவீதமும், இரண்டாமாண்டில் 50 சதவீதமும், மூன்றாமாண்டில் 25 சதவீதமும் வழங்கும் மறுவாழ்வு நிதி 1986இல் ஏற்பட்டு, 2017இல் வேறு திட்டத்தோடு இணைக்கப்பட்டது. 2018இல் தொடங்கிய ஈ.எஸ்.ஐ. திட்டம் ஒன்று, வேலையிழந்தவருக்கு 90 நாள் வரை உதவி அளிக்கிறது. ஆரம்பத்தில் 25 சதவீதமாக இருந்த தொகை 2020இல் சராசரிக் கூலியின் பாதியாக உயர்ந்தது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்போ, ஆட்குறைப்புக்கு ஆளானவரின் மறுபயிற்சிக்காகப் பதினைந்து நாள் கூலியை முதலாளி செலுத்த வேண்டும் என்கிறது.

இவை யாவும் நல்ல ஏற்பாடுகளே. ஆனால் இவை ஒவ்வொன்றும் முதலில் கேட்பது ஒரு பெயரை. சந்தா கட்டியவரின் பெயர், சம்பளப் பட்டியலில் உள்ள பெயர், நீக்கப்பட்டதாக எழுத்தில் காட்டக்கூடிய பெயர். பவர் டேபிளில் கான்ட்ராக்டருக்குத் தைப்பவரும், கைமடிக்கும் பெண்ணும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து செக்கிங் மேஜையருகே நிற்கும் இளைஞரும், ‘ஆர்டர் வந்தாச் சொல்லி அனுப்பறோம்’ என்ற ஒரு வார்த்தையில் வேலையை இழக்கிறார்கள். அவர்கள் நீக்கப்பட்டதும் இல்லை. ஏனெனில் சேர்க்கப்பட்டதும் இல்லை. எத்தனை கோடி ஒதுக்கினாலும், பேரேட்டில் ஏறாதவரின் வீட்டு வாசலை அந்தப் பணம் கண்டுபிடிக்காது. சுங்கவரியைவிட இதுவே என்னை அதிகமாக வருத்துகிறது.

2025 ஜூலை 24 அன்று இங்கிலாந்தோடு நாம் செய்துகொண்ட ஒப்பந்தம் நம் ஆடைகளுக்கு வரியில்லா நுழைவை உறுதியளிக்கிறது. அதனால் வரும் லாபத்தில் ஒரு சிறு பங்கை வேலையிழப்போருக்கான நிதியாக ஒதுக்குவது நியாயம். அதற்கும் முன்பாகச் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு: பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் ஒவ்வொருவருக்கும், கம்பெனி மாறினாலும் கான்ட்ராக்டர் மாறினாலும் கூடவே போகும் ஓர் அரசாங்கப் பாஸ்புத்தகம் வேண்டும், வாரந்தோறும் அதில் டஜன் கணக்கையும் கூலியையும் வேலை கொடுப்பவர் பதிந்து கையொப்பமிட வேண்டும். கணக்கெழுதும் வேலையை அந்தப் பெண்மணி ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார். அவருடைய நோட்டில் குறைவது கையொப்பத்துக்கான அந்த ஓர் இடம் மட்டுமே.