இடுப்பெலும்பின் அமைப்பும் புளூரைடு நீரின் தாக்கமும்: வேப்பனப்பள்ளி வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

வேப்பனப்பள்ளி, கர்நாடக எல்லையை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டப் பகுதியாகும். இம்மாவட்டமும் அண்டையிலுள்ள தருமபுரியும் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்தவையாக அறியப்பட்டுள்ளன. கருங்கற்பாறைக் கனிமங்களிலிருந்து கரையும் புளூரைடு, ஆழ்துளைக் கிணற்று நீர்வழி உடலை அடைகிறது. அதன் மிகுதி பற்களில் கறையாகத் தோன்றும். எலும்புகளில், சிறப்பாக முதுகெலும்பிலும் இடுப்பிலும், ஊனமாக முடியும். அதனை விளங்கிக்கொள்ள இடுப்பெலும்பின் அமைப்பை அறிதல் வேண்டும்.

இடுப்பெலும்பின் அமைப்பு

இடுப்பெலும்பு பிறப்பிலேயே ஒற்றை எலும்பன்று. மேலே சிறகென விரிந்த இலியம், அமரும்போது உடலெடையைத் தாங்கும் இஸ்கியம், முன்புறமுள்ள பியூபிஸ் ஆகிய மூன்றும் முக்கிளைக் குருத்தெலும்பால் இணைந்திருக்கும். ஏறத்தாழ 14 முதல் 17 வயதுக்குள் அக்குருத்தெலும்பு எலும்பாகி, மூன்றும் ஒன்றாகின்றன. அவை கூடுமிடமே தொடையெலும்பின் தலை பொருந்தும் கிண்ணக்குழி. அக்குழியில் இலியமும் இஸ்கியமும் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு வீதமும், பியூபிஸ் எஞ்சிய ஒரு பங்கும் பெறுகின்றன. இருபுற இடுப்பெலும்புகளும் முன்னே ஒன்றோடொன்றும், பின்னே திரிகவெலும்போடும் சேர்ந்து வளையமாகின்றன. இவ்வளையத்தை வலிய தசைநார்கள் இறுகப் பிணைக்கின்றன.

புளூரைடின் தாக்கம்

எலும்பின் கனிமப் படிகத்தில் ஹைட்ராக்சில் அயனியின் இடத்தைப் புளூரைடு அயனி பற்றிக்கொள்கிறது. பல்லாண்டுகள் இது தொடரின் எலும்பின் அடர்த்தி மிகும். ஆயினும் உறுதி மிகுவதில்லை. தசைநார்களிலும் சுண்ணம் படிந்து மூட்டுகள் இறுகும். குந்துதல், சம்மணமிடுதல், குனிந்து களையெடுத்தல் ஆகியன அரிதாகும். இந்தியாவில் எலும்புப் புளூரோசிஸ் 1937-இல் சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் விளக்கப்பட்டது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளூரைடே ஏற்கத்தக்கது. மாற்று நீர் இல்லாதவிடத்து 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

முடிவுரை

வளரும் எலும்பு, முதிர்ந்த எலும்பைவிட மிகுதியான புளூரைடைத் தன்னுள் இருத்திக்கொள்கிறது. ஆகவே மூவெலும்பும் ஒன்றாகாத பள்ளிப்பருவமே காக்கவேண்டிய காலம். இறுகிய மூட்டை மருந்தால் பழைய நிலைக்குக் கொணர்தல் அரிது, நன்னீரே தடுப்பு. இந்நோக்கிலேயே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இவ்விரு மாவட்டங்களுக்கும் காவிரி நீரை வழங்க அமைக்கப்பட்டு, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. குழாய் நீர் வந்தபின்னும் குடிக்கவும் சமைக்கவும் ஆழ்துளை நீரையே கொள்ளும் வீட்டிற்கு அதன் பயன் சேராது. எனவே, உடற்கூற்றியலைக் கற்பிக்குமிடத்து வட்டார நீரின் தன்மையையும் இணைத்துக் கற்பித்தல் தகும்.