ஒயர் ஒன்று, ஓட்டை இரண்டு

“அக்கா, பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும்? உங்க போன் நம்பரையே போட்டுரவா?”

ஃபைபர் இணைப்பு கொடுக்க வரும் தம்பி இதைக் கேட்கும்போது அவருக்கு இன்னும் நாலு வீடு பாக்கி இருக்கும். நமக்கும் வேலை கிடக்கும். “போட்டுருப்பா” என்று சொல்லிவிடுவோம். பத்து இலக்கம், மறக்காது, விருந்தாளி கேட்டால் டக்கென்று சொல்லலாம். அந்தப் பெட்டி பழுதாகும்வரை அதை யாரும் மாற்றப்போவதில்லை.

பல ஊர்களில் கேபிள் டிவிக்கும் இன்டர்நெட்டுக்கும் ஆள் ஒருவர்தான். அவர் போட்டுவிட்ட பேக்கேஜில் டிவி ஓடுகிறது. அவர் போட்டுவிட்ட பாஸ்வேர்டில் வைஃபை ஓடுகிறது. இரண்டும் அவர் வேலை சீக்கிரம் முடிவதற்காக அமைந்தவை. மாதாமாதம் காசு கசிவதும், முகம் தெரியாத ஒருவர் நம் இணைப்பில் நுழைவதும் ஒயர் வந்த அன்று அவசரத்தில் முடிவான இந்த இரண்டு விஷயங்களால்தான்.

முதலில் அந்தப் போன் நம்பர். 2021-ல் இஸ்ரேலின் டெல் அவிவ் நகரில் சைபர்ஆர்க் நிறுவனத்தின் ஆய்வாளர் இடோ ஹூர்விட்ச் ஒரு சோதனை செய்தார். மலிவான வைஃபை கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு நகரத்தைச் சுற்றி, 5,000 இணைப்புகளின் பாஸ்வேர்டு சங்கேதங்களைச் சேகரித்தார். யார் வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. தெருவில் நின்று கேட்டாலே பல ரவுட்டர்கள் கொடுத்துவிடும் தகவல் அது. பிறகு கணினியில் போட்டுப் பார்த்தார். பத்தில் ஏழு பாஸ்வேர்டு உடைந்துவிட்டது. உடைந்தவற்றில் பெரும்பகுதி செல்போன் நம்பர்கள்!

அந்த நாட்டில் செல் நம்பர் 05 என்று தொடங்கும். மீதி எட்டு இலக்கத்துக்குப் பத்துக் கோடி வாய்ப்புகள். அவர் வைத்திருந்த மடிக்கணினிக்கு அது பத்து நிமிட வேலைகூட இல்லை. நம் நம்பர்கள் 6, 7, 8, 9-ல் தொடங்குகின்றன. ஆக 400 கோடி வாய்ப்புகள். அதே மடிக்கணினிக்கு ஆறு மணி நேரம் ஆகும். ராத்திரி ஓடவிட்டுப் படுத்தால் விடிவதற்குள் விடை வந்துவிடும். கேம் ஆடுவதற்கென்று வாங்கிய நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால் இன்னும் வேகம். இந்தப் பாடெல்லாம் முன்பின் தெரியாத ஆளுக்குத்தான். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கணினியே தேவையில்லை. உங்கள் நம்பர் ‘வீடு வாடகைக்கு’ பலகையில் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது, கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது.

வங்கி ஆப்பில் தப்பான பின் நம்பரைச் சில முறை போட்டால் ஆப் முடங்கும். வைஃபையில் அந்தக் காவல் கிடையாது. சங்கேதத்தைப் பிடித்துக்கொண்டு போனவர் தன் வீட்டில் உட்கார்ந்து கோடிக்கணக்கான முறை முயலலாம். உங்கள் ரவுட்டருக்கு அது தெரியவே தெரியாது. அதனால் இங்கே நீளம்தான் பலம். எட்டு முதல் 63 எழுத்துவரை வைக்கலாம் என்று வைஃபை விதி தாராளமாக இடம் கொடுக்கிறது. நாம் எட்டு, பத்தோடு நின்றுவிடுகிறோம்.

ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி என்று நம்மை வருடக்கணக்கில் படுத்திய அந்த விதியையும் இனி மறக்கலாம். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட், முன்பு தானே பரப்பிய அந்த யோசனையை 2017-ல் கைவிட்டது. சும்மா சும்மா மாற்றச் சொல்லாதீர்கள், நீளமாக வைக்கவிடுங்கள் என்பதுதான் புது வழிகாட்டுதல். இதற்கு 1995-லேயே ஆர்னால்டு ரைன்ஹோல்டு என்பவர் ஒரு வழி சொல்லியிருக்கிறார். 7,776 சொற்கள் கொண்ட ஒரு பட்டியல். பகடையை உருட்டி விழுந்த எண்ணுக்குரிய சொல்லை எடுக்க வேண்டும். அப்படி ஐந்து சொல் சேர்த்தால், மேலே சொன்ன மடிக்கணினிக்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும்.

பகடையெல்லாம் வேண்டாம் என்பவர்கள் ஒரு தடித்த அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து இடத்தில் திறந்து விரலை வைக்கலாம். ஒட்டகம், குக்கர், தாழ்வாரம், வியாழன், ஊறுகாய் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத சொற்கள் வர வேண்டும். (இது அச்சில் வந்துவிட்டது, வேறு பாருங்கள்.) வாட்ஸ்அப்பில் அடிப்பதுபோல ஆங்கில எழுத்தில் அடித்தால் போதும். குறள், சினிமாப் பாட்டு, சாமி பெயர், பேரன் பெயர் எதுவும் வேண்டாம். தேர்ந்தெடுத்ததைத் தாளில் எழுதி பீரோவுக்குள் ஒட்டிவைப்பதில் தப்பே இல்லை. காற்று வழியாக வருபவர் உங்கள் பீரோவைத் திறக்கப்போவதில்லை.

“அன்லிமிடெட் பிளான்தானே, நாலு பேர் பயன்படுத்தினால் என்ன குறைஞ்சு போச்சு?” என்று கேட்பவர்கள் உண்டு. மாதம் 3,300 ஜிபி என்று வரம்பு இருக்கும் இணைப்பில் திருட்டு பில்லில் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் 2008 ஜூலை 26-ஐ நினைத்துப் பாருங்கள். அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அதன் ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு மகாராஷ்டிர பயங்கரவாதத் தடுப்புப் படை போய் நின்ற இடம், நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீடு. அவருடைய வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அவருக்கும் குண்டுவெடிப்புக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் விசாரணை, கணினி பறிமுதல் எல்லாம் நடந்தது. அடுத்த மாதங்களில் மும்பையில் ஒரு கல்லூரியின் இணைப்பிலிருந்தும், ஒரு நிறுவனத்தின் இணைப்பிலிருந்தும் இதேபோல மின்னஞ்சல்கள் போயின.

இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான் போலீஸ் முதலில் தேடிவரும். இணையப் பயன்பாட்டுப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் தொலைத்தொடர்பு உரிம விதியைத் திருத்திவிட்டார்கள். போன வருடம் மாடியில் குடியிருந்த பேச்சிலர் பையன்கள் செய்தது இந்த வருடம் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம்.

செலவைக் குறைக்க மேல்வீடும் கீழ்வீடும் ஒரே வைஃபையைப் பங்கிடும் வழக்கம் இருக்கிறது. 399 ரூபாய் என்று விளம்பரம் வரும் பிளானுக்கு 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 471 ஆகிறது. ஆளுக்குப் பாதி என்றால் சுமார் 235 ரூபாய் மிச்சம். நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் பொதுவாக இதற்கு அனுமதி இருக்காது. என்னைக் கேட்டால் இந்த மிச்சம் வேண்டாம். சொந்தத் தம்பி வீடு, தட்ட முடியாது என்றால் ரவுட்டரில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்று இருக்கும். அதைத் திறந்து தனிப் பாஸ்வேர்டு போட்டுக் கொடுங்கள். உங்கள் கணினியும் போனும் அவர்கள் கண்ணில் படாமலாவது இருக்கும்.

பெட்டிக்கும் ஒரு பாஸ்வேர்டு

வைஃபைக்கு ஒன்று இருப்பதுபோல, ரவுட்டரின் உள்அமைப்பைத் திறக்கத் தனியாக ஒரு பாஸ்வேர்டு உண்டு. பல வீடுகளில் பெயரும் ‘அட்மின்’, பாஸ்வேர்டும் ‘அட்மின்’. 2016-ல் ‘மிராய்’ என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த இப்படிப்பட்ட அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21-ல் அந்தப் படையை ஏவி இணையதளங்களின் முகவரியைத் தேடித் தரும் ‘டைன்’ என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் தடுமாறின. அதைச் செய்தவை பெரும்பாலும் யாரோ ஒருவர் மாட்டிவிட்டு மறந்துபோன வீட்டுச் சாமான்கள்.

ஆகவே அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். சில இணைப்புகளில் அதைக் கேபிள்காரரே கையில் வைத்திருப்பார்; கேட்டு வாங்குங்கள், அல்லது உங்கள் கண்முன்னே மாற்றச் சொல்லுங்கள். உள்ளே போனதோடு ‘டபிள்யூபிஎஸ்’ என்பதை அணைத்துவிடுங்கள். பாஸ்வேர்டு அடிக்காமல் எட்டு இலக்க எண்ணால் இணைக்கும் வசதி அது. அந்த எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011-லேயே அம்பலமாகிவிட்டது. ஐந்து சொல் பாஸ்வேர்டு வைத்துவிட்டு இதைத் திறந்துபோட்டால் பட்ட பாடு வீண். பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று இருக்கட்டும். வைஃபை பெயரை மறைத்துவைப்பதால் பெரிய பயன் ஒன்றுமில்லை.

எட்டு சேனலுக்கு ஐம்பது சேனல் காசு

இனி கேபிள் பில். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது கணக்குப் பார்க்க எதுவும் இருக்கவில்லை. 2019-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புதிய கட்டண முறையைக் கொண்டுவந்த பிறகு பில் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று இணைப்புக்கான அடிப்படைக் கட்டணம். அப்போது 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. மற்றது நீங்கள் கேட்டு வாங்கும் கட்டணச் சேனல்களின் விலை. 2024 ஜூலையில் அடிப்படைக் கட்டணத்துக்கான உச்சவரம்பை டிராய் நீக்கிவிட்டது. இப்போது எவ்வளவு என்பதை உங்கள் ஆபரேட்டரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் சேனலைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை அப்படியே இருக்கிறது. அதை யாரும் நமக்கு நினைவுபடுத்த மாட்டார்கள், அவ்வளவுதான்.

இரண்டு வாரம் ஒரு காகிதத்தை டிவி பக்கத்தில் வைத்து, வீட்டில் பார்த்த சேனல்களைக் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஏழெட்டோடு நிற்கும். ரசம் சாதத்துக்காக ஃபுல் மீல்ஸ் டோக்கன் வாங்கிய கதை. பல தமிழ்ச் செய்திச் சேனல்கள் யூடியூபில் நேரலையாகவே ஓடுகின்றன. மீதி நான்கு கட்டணச் சேனல். ஒன்று 19 ரூபாய் என்றே வைத்தாலும் 76, வரியோடு 90. பழைய அடிப்படைக் கட்டணத்தோடு சேர்த்தால் 243 ரூபாய். உங்கள் பில் அதைவிட எவ்வளவு அதிகம் என்று பாருங்கள். ஒரே குழுமத்தின் எல்லாச் சேனலும் வேண்டும் என்கிற வீட்டுக்கு அவர்களுடைய தொகுப்பு மலிவாக அமையலாம். எல்லாருக்கும் தனித்தனிதான் லாபம் என்று அடித்துச் சொன்னால் அது பொய். மாதாந்திரக் கட்டணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் தூர்தர்ஷன் ரசிகர்களுக்குச் சரி. தமிழ்ச் சீரியல் வீட்டுக்கு ஆகாது.

கேபிளையே வெட்டிவிட்டு இன்டர்நெட்டில் பார்க்கலாம் என்பவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். 150 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், நாலு ஓடிடிக்குச் சந்தா கட்டி 500 ரூபாயில் நிற்கும் வீடுகள் ஏராளம். ஒரு சமயத்தில் ஒரு ஓடிடி, அதைப் பார்த்து முடித்ததும் நிறுத்திவிட்டு அடுத்தது என்று வைத்துக்கொண்டால் கட்டுக்குள் இருக்கும். வேகத்திலும் காசு ஒளிந்திருக்கிறது. முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. மூன்று பேர் உள்ள வீட்டுக்கு 300 எம்பிபிஎஸ் எதற்கு?

‘எல்லா சேனலும் ஃப்ரீ’ பெட்டி

கேபிளை வெட்டியவர்களைக் குறிவைத்து எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருக்களிலும் ஆன்லைனிலும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகள் விற்கின்றன. ஒருமுறை காசு கொடுத்தால் எல்லாச் சேனலும், எல்லா ஓடிடியும் இலவசமாம். திருட்டு ஒளிபரப்பு என்பது ஒருபக்கம். இத்தகைய பெட்டிகள் சிலவற்றில் ‘பேட்பாக்ஸ் 2.0’ என்ற தீநிரல் விற்பனைக்கு வரும் முன்பே ஏற்றப்பட்டிருப்பதாக 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் சிக்கியிருப்பதாக அடுத்த மாதமே கூகுள் வழக்குத் தொடர்ந்தது. அந்தப் பெட்டி செய்யும் வேலைகளில் ஒன்று, உங்கள் வீட்டு ஐபி முகவரியை வாடகைக்கு விடுவது. எங்கோ இருப்பவர் செய்யும் மோசடி உங்கள் வீட்டிலிருந்து நடந்ததாகப் பதிவாகும். நவி மும்பையில் ஆள் வெளியில் இருந்தார்; இங்கே அவரை நாமே காசு கொடுத்து ஹாலில் உட்கார வைக்கிறோம். ஐந்து சொல் பாஸ்வேர்டை ரிமோட்டால் அடித்து அதற்குள் போடுவதும் நாம்தான்.

பெட்டி வாங்கியே தீரவேண்டும் என்றால் பெயர் தெரிந்த கம்பெனி பார்த்து வாங்குங்கள். கையில் ஏற்கெனவே இருக்கும் பெட்டியில் பிளே ஸ்டோரின் அமைப்புப் பகுதிக்குள் ‘பிளே புரொடெக்ட்’ சான்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வைஃபையிலிருந்து கழற்றிவிடுங்கள். சான்று இருந்தாலும் டிவி, கேமரா போன்றவற்றைக் கெஸ்ட் நெட்வொர்க்கிலும், வங்கி ஆப் இருக்கும் போன்களைத் தனியாகவும் வைத்திருங்கள்.