அடி வாங்க ஒரு துணை

மிருகத்தையும் பூதத்தையும் ஏவிவிட்டுச் சண்டை போடும் வீடியோ கேம் பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் தேடுவது வெற்றியை மட்டும் அல்ல.

பெங்களூர் ஈஜிபுராவில் இரவு 11 மணிக்கு மேல் மாடி அறைகளின் ஜன்னலில் தெரியும் நீல வெளிச்சம் எல்லாமே அலுவலக வேலை அல்ல. கோரமங்களாவை ஒட்டியிருக்கும் இந்தப் பகுதியில் சேலம், வேலூர், திருநெல்வேலி என்று பல ஊர்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் இரண்டு பேர், மூன்று பேராக அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். 2017-ல் வேலை தொடங்கி ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்ட மேம்பாலமும், அதன் தூண்களுக்கு இடையே ஊர்ந்த வாகனங்களும் இவர்களுக்கு ஒரு பாடத்தைக் கற்றுத் தந்தன: அடுத்த பேட்டையில் இருக்கும் நண்பனைப் போய்ப் பார்ப்பதைவிட அவனைக் கம்ப்யூட்டர் திரையில் சந்திப்பது சுலபம். நண்பன் வராத இரவில்? அப்போதுதான் வருகிறது ஓநாய். அல்லது கரடி. அல்லது கல்லறையிலிருந்து எழுந்து வரும் எலும்புக்கூடு.

மாயாஜாலக் கதைகளை அடிப்படையாகக் கொண்ட வீடியோ கேம்கள் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே ஒரு கேள்வியைக் கேட்கின்றன: நீ யார்? வாள் வீரனா, மந்திரவாதியா, மருத்துவனா, திருடனா? ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால் அடுத்த நூறு மணி நேரமும் அந்தப் பாத்திரமாகவே வாழ வேண்டும். இந்தப் பட்டியலில் தனி ரகம் ஒன்று உண்டு. தானே முன்னால் நின்று சண்டை போடாமல், வேறோர் உயிரை வரவழைத்து ஏவுபவன். ஆங்கிலத்தில் இதற்கு ‘சம்மன்’ என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். நமக்கு சம்மன் என்றால் நீதிமன்றம்தான் நினைவுக்கு வரும். ஆனால் இதற்குச் சரியான தமிழ்ச் சொல் ஏற்கெனவே இருக்கிறது: ஏவல். பில்லி, சூனியத்தோடு சேர்த்தே சொல்லிப் பழகியதால் அதன் பெயர் கெட்டுக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

தமிழ் வாசகருக்கு இந்த யோசனை புதிதல்ல. நினைத்த மாத்திரத்தில் வந்து நிற்கும் வேதாளத்தை விக்கிரமாதித்தன் கதையில் பார்த்திருக்கிறோம். ஓயாமல் வேலை கொடுக்காவிட்டால் எஜமானையே விழுங்கிவிடும் பூதத்தையும், நாய் வாலை நிமிர்த்தச் சொல்லி அதனிடமிருந்து தப்பித்த புத்திசாலியையும் பாட்டிமார்கள் அறிமுகப்படுத்தியிருக்கிறார்கள். ஏவலாளியை அடைவது பெரிதல்ல, அவனை வைத்துக் காப்பாற்றுவதுதான் பெரிது என்பதே அந்தக் கதைகளின் சாரம். கேம்களை உருவாக்கியவர்கள் வந்து சேர்ந்த இடமும் அதுவே.

இந்தப் பாத்திரங்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, தோழன். 2004 நவம்பரில் வெளியான ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டின் வேட்டைக்காரன் இதற்கு நல்ல உதாரணம். காட்டில் திரியும் மிருகம் ஒன்றைப் பிடித்துப் பழக்கிக்கொள்கிறான். மிருகம் முன்னால் பாய்ந்து எதிரியைத் தடுத்து நிறுத்த, இவன் தூரத்தில் நின்று அம்பு எய்கிறான். இரண்டாவது, அடிமை. அதே விளையாட்டின் சூனியக்காரன் பாதாள உலகத்துப் பூதங்களைக் கட்டி வேலை வாங்குகிறான். அங்கே அன்புக்கு இடமில்லை, ஒப்பந்தம் மட்டுமே. மூன்றாவது, படை. 2000-ல் வந்த ‘டயாப்லோ 2’ விளையாட்டின் நெக்ரோமேன்சர் செத்த எதிரிகளின் சடலங்களிலிருந்து எலும்புக்கூடுகளை எழுப்பி, ஒரு பட்டாளத்தையே திரட்டுகிறான். பிணம் இல்லாவிட்டால் பட்டாளமும் இல்லை. எனவே முதல் எதிரியை எப்படியாவது வீழ்த்தியாக வேண்டும்.

மூன்றுக்கும் பொதுவான கவர்ச்சி ஒன்று உண்டு. தனியாக விளையாட முடியும். 1999 மார்ச்சில் வெளியான ‘எவர்குவெஸ்ட்’ பலர் சேர்ந்து இணையத்தில் விளையாடும் கேம். கூட்டாளிகள் இல்லாமல் அதில் ஓரளவுக்கு மேல் முன்னேறுவது பெரும்பாலான பாத்திரங்களுக்குக் கடினம். அதைத் தனியாகவே சமாளித்த சில வகைகளில் நிலம், நீர், நெருப்பு, காற்று ஆகியவற்றின் பூதங்களை வரவழைக்கும் மந்திரவாதியும், பிணங்களை எழுப்புபவனும் அடக்கம். அமெரிக்காவில் நேரம் பார்த்துக் கூடும் கூட்டத்தோடு சேர முடியாத இந்திய இளைஞனுக்கு இது சிறிய வசதி அல்ல. அங்கே மாலை என்றால் இங்கே விடியற்காலை. வேலை முடிந்து வருபவனுக்கு எந்த நேரத்திலும் தயாராக இருக்கும் ஒரே கூட்டாளி அந்த ஓநாய்தான்.

ஆனால் எந்தத் துணையும் இலவசம் அல்ல. ‘வார்கிராஃப்ட்’ ஆரம்ப காலத்தில் வேட்டைக்காரனின் மிருகத்துக்குப் பசி எடுத்தது. பூனை இனங்களுக்குக் கறியும் மீனும்தான் ஆகும். கரடி எதைக் கொடுத்தாலும் தின்னும். வயிறு நிறைந்து மகிழ்ச்சியாக இருந்தால் வழக்கத்தைவிட 25 சதவீதம் கூடுதல் பலத்தோடு தாக்கும். கவனிக்காமல் விட்டால் 25 சதவீதம் குறையும். தொடர்ந்து புறக்கணித்தால் விசுவாசம் தேய்ந்து, ஒருநாள் ஓடியே போய்விடும். பையில் அம்புக்கு ஓரிடம், தீனிக்கு ஓரிடம் என்று ஒதுக்க வேண்டும். இத்தனை தொல்லைகளையும் மீறி, ‘புரோக்கன் டூத்’ என்ற ஒரே ஒரு சிறுத்தைக்காகப் பல மணி நேரம் காத்துக் கிடந்தவர்கள் உண்டு. நொடிக்கொரு முறை பாய்ந்து கடிக்கும் அந்த மிருகம் எப்போதாவதுதான் தலைகாட்டும். ஒருவர் பிடித்துவிட்டால் மற்றவர்கள் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதுதான்.

பூதங்கள் விஷயத்தில் கணக்கு இன்னும் கடுமையானது. சூனியக்காரன் தன் பெரிய பூதங்களில் ஒன்றை வரவழைக்கத் தன்னோடு நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு சடங்கு செய்ய வேண்டும். முடிவில் ஐவரில் ஒருவர் உயிரை விடுவார். யார் என்பது முன்கூட்டித் தெரியாது. வந்த பூதமும் கட்டுப்பட்டுவிடாது. அடக்கத் தவறினால் அழைத்தவன் மீதே பாயும். பாட்டி சொன்ன கதைதான், படம் மட்டும் புதிது. ‘டயாப்லோ 2’-ல் இன்னொரு விதமான சோதனை. கையில் இருக்கும் ஆயுதத்தையோ கவசத்தையோ கொடுத்து ஓர் இரும்புப் பூதத்தை உருவாக்கலாம். கொடுத்த பொருளின் சக்தி பூதத்துக்கு வரும். பூதம் அழிந்தால் பொருளும் போனதுதான். அரிய ஆயுதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்கலாமா வேண்டாமா என்று தவித்தவர்களுக்குத் தெரியும், துணை என்பதன் விலை என்னவென்று.

அந்த விலையைக் கேம் நிறுவனங்கள் படிப்படியாகக் குறைத்துவிட்டன. 2008-ல் வார்கிராஃப்டில் விசுவாசக் கணக்கு எடுக்கப்பட்டது. 2011-ல் மிருகத்தின் மகிழ்ச்சி, துயரம் என்ற கணக்கும் போயிற்று. அம்பு வாங்கும் வேலை 2010-லேயே ஒழிந்திருந்தது. அதுவரை 10-வது லெவலை எட்டிப் பழக்க வேண்டியிருந்த மிருகம், பிறகு முதல் நிமிடத்திலேயே பக்கத்தில் நின்றது. 2014-ல், மிருகமே இல்லாமல் வேட்டையாடினால் கூடுதல் பலம் தரும் ‘தனி ஓநாய்’ என்ற திறமை சிலவகை வேட்டைக்காரர்களுக்கு வந்தது. 2023-ல் வெளியான ‘டயாப்லோ 4’ ஒரு படி மேலே போனது. அதில் நெக்ரோமேன்சர் தன் எலும்புக்கூட்டுப் படையை நிரந்தரமாகத் தியாகம் செய்துவிட்டு, அதற்கு ஈடான பலத்தைத் தானே எடுத்துக்கொள்ளலாம். ஏவலாளியை வைத்திருப்பதைவிட விழுங்கிவிடுவது லாபம் என்று கணக்குப் பார்ப்பவர்களுக்கு இது வசதி. பூதம் எஜமானை விழுங்கிய காலம் போய், எஜமான் பூதத்தை விழுங்கும் காலம்.

வசதி கூடியதில் தவறு இல்லை. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவன், திரையில் இருக்கும் கரடிக்கும் சமைத்துப் போட வேண்டுமா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் ‘வார்கிராஃப்ட்’ நிறுவனம் 2019-ல் பழைய விளையாட்டைப் பழைய வடிவிலேயே மறுபடி வெளியிட்டபோது, மிருகத்தின் பசியும் கோபமும் அதோடு திரும்பி வந்தன. தீனிப் பையோடு அலையத் தயாராக மக்களும் திரும்பி வந்தார்கள். கவலைப்பட ஒன்று இருந்தால்தான் அது துணை என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இன்னொரு சச்சரவும் உண்டு. மற்றவரை முன்னால் தள்ளிவிட்டு நீ பின்னால் நிற்பது வீரமா? 2022 பிப்ரவரியில் வந்த ‘எல்டன் ரிங்’ கடினமான சண்டைகளுக்குப் பேர்போனது. அதில் ஆவிகளை உதவிக்கு அழைக்கும் வசதியைக் கொடுத்ததும் உலகெங்கும் வாக்குவாதம் மூண்டது. அழைத்து ஜெயித்தால் அது வெற்றியே அல்ல என்றது ஒரு கட்சி. கொடுத்த வசதியைப் பயன்படுத்துவதில் என்ன வெட்கம் என்றது மறு கட்சி. அதில் பெரும் புகழ் பெற்றது, அழைப்பவனின் உருவத்தையே எடுத்து நிற்கும் ஆவி. அதை அழைக்க மந்திர சக்தி போதாது, சொந்த உயிர்ச்சக்தியில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். அதன் பலம் அதிகம் என்று அடுத்த மாதமே நிறுவனம் குறைத்துவிட்டது.

வேறோர் உயிரை முன்னால் அனுப்புவது வீரமா என்ற கேள்விக்கு, கம்ப்யூட்டர் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில், மாண்டியா மாவட்டம் ஆதகூரிலிருந்து வந்த கல் ஒன்று இருக்கிறது. கி.பி. 949-50-ஐச் சேர்ந்தது. தக்கோலம் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் கொல்லப்பட்டதைச் சொல்லும் கல் என்பதால் தமிழக வரலாற்று ஆசிரியர்களுக்கும் அது முக்கியம். ஆனால் கல்லில் செதுக்கியிருப்பது அந்தப் போரை அல்ல. ஒரு நாயும் காட்டுப்பன்றியும் மோதும் காட்சியை. கங்க மன்னன் பூதுகனிடம் இருந்த மணலேரன் என்ற வீரன், தன் வீரத்துக்குப் பரிசாகக் கேட்டது ‘காளி’ என்ற வேட்டை நாயை. கிடைத்தது. பிறகு அந்த நாய் பெரிய காட்டுப்பன்றி ஒன்றோடு மோத, இரண்டுமே செத்தன. காளிக்காகக் கல் நட்டு, நிலமும் விட்டு, வழிபாட்டுக்கும் ஏற்பாடு செய்தார்கள்.

தமிழ்நாட்டிலும் இதற்கு முன்னோடி உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்தைச் சேர்ந்த 7-ம் நூற்றாண்டு நடுகல்லில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. எஜமான் விழுந்த பிறகும் கள்வர்களைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன். பெயரையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். அடி வாங்கிய துணையை மறக்கவில்லை என்பதே இந்தக் கற்களின் செய்தி.

ஆகவே முதல் திரையின் முன் யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சில நடைமுறை யோசனைகள். தனியாக விளையாடுபவராக இருந்தால் ஏவல் பாத்திரம் நல்ல தேர்வு. தவறு செய்தாலும் அடியை முதலில் வாங்குவது துணைதான், சுதாரிக்க அவகாசம் கிடைக்கும். குழுவோடு விளையாடுபவர் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சொல்பேச்சுக் கேட்காத துணை, தூங்கிக்கொண்டிருக்கும் எதிரிகளையும் எழுப்பிக் கூட்டி வந்து எல்லோரையும் மாட்டிவிடும். குறுகலான வழிகளில் படை சிக்கிக்கொள்ளும். ஒரே நேரத்தில் இரண்டு உயிர்களைக் கவனிக்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு வாள் வீரனே உத்தமம். ஒன்றைப் பிரியத்தோடு வளர்க்க விரும்பினால் வேட்டைக்காரன். கூட்டம் பிடிக்கும், யார் செத்தாலும் கவலையில்லை என்றால் நெக்ரோமேன்சர்.

பழைய ‘வார்கிராஃப்ட்’டில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. பிடித்த மிருகத்துக்கு வேட்டைக்காரனே ஒரு பெயர் வைக்கலாம். செத்துப்போனால் ஒரு பட்டனைத் தட்டி எழுப்பிவிடலாம் என்பதால் நடுகல்லுக்கு அங்கே வேலை இல்லை. என்றாலும் அந்தப் பெயர் வைக்கும் கட்டத்தை அவசரமாகத் தாண்டிவிடாமல் ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது. காளி, கோவிவன் என்று இரண்டு பெயர்கள் தயாராகவே இருக்கின்றன.